இலை குடும்பத்தைச் சொல்லும், காய் ஆளைச் சொல்லும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், நாற்றங்கால் தொழில் செய்யும் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது. மேசை மேல் கிளைகளைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டிப் பேசினார். அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக அந்தப் பேச்சை இங்கே தருகிறோம்.)



இந்த மேடையில வழக்கமா சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தீர்மான நோட்டு பத்தித்தான் பேசுவோம். இன்னைக்கு நான் இலை, பூ, காய் பத்திப் பேசப் போறேன். "இது என்ன பள்ளிக்கூடப் பாடமா?"ன்னு பின்னாடி ஒரு அக்கா சிரிக்கிறது காதுல விழுது. பாடம்தான் அக்கா. ஆனா பீஸ் கட்டிப் படிச்ச பாடம். அந்த பீஸை எங்க குழுவே கட்டுச்சு. அதை முதல்ல சொல்லிடுறேன்.

எங்க ஊர் பழனி மலை அடிவாரம். 2006-ல எங்க குழுவுக்கு அஞ்சு வயசு. அப்போ எங்க பார்த்தாலும் நோனி, நோனின்னு ஒரே பேச்சு. ஒருத்தர் வந்தாரு. "கன்று நாங்க தர்றோம், மூணு வருஷத்துல காய்க்கும், பழத்தை நாங்களே வந்து எடுத்துக்குவோம்"னு சொன்னாரு. பன்னிரண்டு பேர், ஆளுக்குப் பதினைந்து கன்று, மொத்தம் 180 கன்று. ஒரு கன்று 40 ரூபாய். 7,200 ரூபாய் உள்கடன் போட்டோம். போய்ப் பார்த்து, வாங்கி, கையெழுத்துப் போட்டது நான்தான்.

கன்று வீட்டுக்கு வந்த அன்னைக்கு என் மாமியார் ஒரு இலையைத் தடவிப் பார்த்துட்டு, "ஏத்தா, இது நம்ம கண்மாய்க்கரை மஞ்சணத்தி மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அத்தை, உங்களுக்குத் தெரியாது, இது பெரிய கம்பெனிச் சரக்கு"ன்னேன். அவங்க அதுக்கப்புறம் ஒண்ணும் பேசலை.

தண்ணி ஊத்தினோம், வேலி அடைச்சோம். 2009-ல காய் வந்துச்சு. கோலிக்குண்டு அளவு பச்சைக் காய். பழுத்தா கறுகறுன்னு கறுத்துப் போச்சு. அத்தை சொன்னது சரி. அது அத்தனையும் மஞ்சணத்தி, அதாவது நுணா. நம்ம கண்மாய்க்கரையில காசில்லாம முளைக்கிற மரம். கொடுத்தவரோட போன் நம்பர் அதுக்கு முன்னாடியே வேலை செய்யலை. எங்க குழுவுல ஒரு தங்கச்சி கத்திரிக்காய் போட்டுக்கிட்டிருந்த இடத்தை நிறுத்திட்டு அந்தக் கன்றை நட்டிருந்தா. தவணை கட்ட ரெண்டு ஆட்டை வித்தா. என்னை ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தாக் கூட மனசு ஆறியிருக்கும்.

அதுக்கப்புறம்தான் அந்தக் கிளையைப் பையில போட்டுக்கிட்டு, கல்லூரியில தாவரவியல் சொல்லிக் கொடுக்கிற ஒரு அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவங்க சொன்ன முதல் வார்த்தை: "நோனியும் நுணாவும் அக்கா தங்கச்சி. நீங்க மலையில பறிக்கிற காபியும் இதே குடும்பம்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சின்ன வயசுல இருந்து கார்த்திகை, மார்கழின்னா தாண்டிக்குடிப் பக்கம் காபிப்பழம் பறிக்கப் போறவ நான். ஒரு நாள் கூட அந்தக் கிளையை உத்துப் பார்த்தது கிடையாது. அந்த அம்மா எனக்குச் சொன்னதையும், பிறகு நாற்றங்கால்ல நானே பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதையும் இப்போ உங்களுக்குச் சொல்றேன்.

காபிக் குடும்பம் என்பது யார்?

தாவரவியலில் இந்தக் குடும்பத்துக்கு ரூபியேசியே என்று பெயர். உலகம் முழுக்கச் சுமார் 13,000 வகைச் செடிகள் இதில் இருக்கின்றன. பூக்கும் தாவரக் குடும்பங்களில் நாலாவது பெரிய குடும்பம் இது. மரமும் உண்டு, புதரும் உண்டு, கொடியும் உண்டு, காலடியில் மிதிபடுகிற களையும் உண்டு.

நமக்குத் தெரிந்த ஆட்களைச் சொல்கிறேன். கோயிலுக்குக் கட்டுகிற இட்லிப்பூ, அதாவது வெட்சி. கடம்ப மரங்கள். நுணா, நோனி. காரை, மருக்காரை. பாவட்டை. வயல் வரப்பில் கிடக்கிற நத்தைச்சூரி. கடற்கரை மணலில் வளர்கிற சாயவேர், அதை இம்பூறல் என்றும் சொல்வார்கள். நீலகிரியில் 1860-களில் வெள்ளைக்காரர்கள் தோட்டம் போட்டு வளர்த்த சின்கோனா மரமும் இந்தக் குடும்பம்தான். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த கொய்னா மருந்து அதன் பட்டையிலிருந்துதான் வந்தது.

பாருங்க, குடிக்கிற காபி, காய்ச்சல் மருந்து, துணிக்குச் சிவப்புச் சாயம், சாமிக்குப் பூ, எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். காசு புரள்கிற குடும்பம். காசு புரள்கிற இடத்துலதான் ஏமாற்றும் நடக்கும். அதனாலதான் அடையாளம் தெரியணும்.

முதல்ல இலை: மூணு அடையாளம்

இதோ இது காபிக் கிளை. முன் வரிசையில இருந்து கை மாத்தி அனுப்புங்க. பக்கத்துல ஒரு இட்லிப்பூக் கிளையும் அனுப்புறேன், அது எல்லார் வீட்டு வாசல்லயும் இருக்கும்.

ஒண்ணு: இலை எதிர் எதிரா இருக்கும். ஒரு கணுவுல இந்தப் பக்கம் ஒண்ணு, நேர் எதிர்ப் பக்கம் ஒண்ணு. மா இலை, பலா இலை மாதிரி மாறி மாறி வராது.

ரெண்டு: இலை முழு இலை. வேப்பிலை மாதிரி பல துண்டா பிரிஞ்சிருக்காது. ஓரமும் வழவழன்னு இருக்கும், ரம்பப் பல் இருக்காது. உன்னிச்செடிக்கும் துளசிக்கும் இலை எதிரெதிர்தான். ஆனா ஓரத்தைப் பாருங்க, பல் பல்லா வெட்டியிருக்கும். அங்கேயே அதுங்களைக் கழிச்சிடலாம்.

மூணாவதுதான் முக்கியம். ரெண்டு இலைக்காம்புக்கும் நடுவுல, தண்டு மேல பாருங்க. சின்ன முக்கோணமா ஒரு தோல் ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. புத்தகத்துல இதை இலையடிச் செதில்னு எழுதுவாங்க. மத்த குடும்பங்கள்ல அந்தச் செதில் காம்போட அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும், இல்லேன்னா இருக்கவே இருக்காது. காபிக் குடும்பத்துல ரெண்டு காம்புக்கும் இடையில உட்கார்ந்திருக்கும். கை கோத்து நிக்கிற ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு குழந்தை நிக்கிற மாதிரி.

முத்தின கிளையில பார்த்தா தெரியாது, உதிர்ந்து போயிருக்கும். ஆனா அந்த இடத்துல ரெண்டு காம்பையும் சேர்க்கிற மாதிரி ஒரு கோடு தெரியும். அதனால எப்பவும் கொழுந்துக் கிளையைப் பாருங்க. கண்ணு மங்கலா இருக்கிற அக்காமார் ஒரு பூதக்கண்ணாடி வச்சுக்கங்க.

இதுல சின்ன விதிவிலக்கும் உண்டு. மஞ்சிட்டிக் கொடியில ஒரு கணுவைச் சுத்தி நாலு இலை இருக்கும். அதுல நிஜமான இலை ரெண்டுதான், மத்தது இலை மாதிரி வளர்ந்த செதில். நோனியில பூ வர்ற கணுவுல ஒரு பக்கம் இலையும் எதிர்ப் பக்கம் பூ உருண்டையும் இருக்கும். நத்தைச்சூரியில அந்தச் செதில் முள்முள்ளா, மயிர் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும். அதனால ஒரு கணுவை மட்டும் பார்த்து முடிவு செய்யாம, நாலைஞ்சு கணுவைப் பாருங்க.

பால் வந்தால் தள்ளி வையுங்கள்

இப்போ ஒரு சோதனை. இந்த ரெண்டு கிளையையும் பாருங்க. ரெண்டுலயும் இலை எதிரெதிர், ஓரம் வழவழ, பளபளன்னு பச்சை, வெள்ளைப் பூ, வாசனை. ஒண்ணு அடுக்கு நந்தியாவட்டை, இன்னொண்ணு கார்டினியா. நர்சரியில பல பேர் ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணைக் கொடுக்கிறாங்க, தெரிஞ்சும் கொடுக்கிறாங்க, தெரியாமலும் கொடுக்கிறாங்க.

ரெண்டுலயும் ஒரு இலையைக் கிள்ளுங்க. நந்தியாவட்டையில வெள்ளைப் பால் வடியுது பார்த்தீங்களா? அது அரளிக் குடும்பம். கார்டினியாவுல பால் கிடையாது, இலைக்காம்புக்கு நடுவுல செதில் இருக்கும். அதுதான் காபிக் குடும்பம். மொட்டு நுனியில கொஞ்சம் பிசின் பளபளக்கலாம். பிசின் வேற, பால் வேற.

இது வெறும் வியாபாரத்துக்குன்னு நினைச்சுடாதீங்க. அரளிக் குடும்பத்துல விஷச் செடிகள் இருக்கு. அரளி வேர்ல இருந்து பூ வரைக்கும் எல்லாமே விஷம். "எதிர் இலை, பால் வருது"ன்னா, பேர் தெரியுற வரைக்கும் ஆட்டுக்கும் போடக் கூடாது, பிள்ளைங்க கையிலயும் கொடுக்கக் கூடாது.

பூவைப் பிரித்துப் பாருங்கள்

அடுத்தது பூ. நம்ம காபிச் செடி மார்ச், ஏப்ரல்ல ஒரு மழை பெய்ஞ்சா போதும், எட்டுப் பத்து நாள்ல தோட்டமே வெள்ளையா பூத்துடும். ரெண்டு மூணு நாள்ல வாடிடும். வாசனை மல்லிகைப்பூ மாதிரியே இருக்கும். அதனாலதான் மல்லிகையும் காபியும் சொந்தமான்னு கேக்குறாங்க. கிடையாது. எப்படிச் சொல்றேன்னு பாருங்க.

பூவோட அடிப்பகுதி குழாய் மாதிரி இருக்கும், மேல இதழ் விரிஞ்சிருக்கும். இதழை எண்ணுங்க. இட்லிப்பூ, பாவட்டை, நத்தைச்சூரிக்கு நாலு இதழ். காபிக்கு, நுணாவுக்கு பெரும்பாலும் அஞ்சு. இப்போ குழாயை நகத்தால நீளவாக்குல கிழிச்சு, உள்ள இருக்கிற மகரந்தத் தாளை எண்ணுங்க. காபிக் குடும்பத்துல எத்தனை இதழோ அத்தனை மகரந்தத் தாள். நாலுக்கு நாலு, அஞ்சுக்கு அஞ்சு. மல்லிகையில இதழ் எத்தனை இருந்தாலும் மகரந்தத் தாள் ரெண்டே ரெண்டுதான். மல்லிகை வேற குடும்பம்னு அந்த ரெண்டே சொல்லிடும்.

இன்னொண்ணு, பூவுக்கு அடியில பாருங்க. பச்சையா ஒரு சின்ன உருண்டை தெரியுதா? அதுதான் நாளைக்குக் காய் ஆகப் போற சூலகம். காபிக் குடும்பத்துல அது இதழுக்குக் கீழே இருக்கும். மல்லிகையில குழாய்க்கு உள்ளே இருக்கும். கத்திரிப்பூவிலயும் அப்படித்தான், காய் பூவுக்கு உள்ளே இருந்து வரும். பூசணிக்குப் பூவுக்கு அடியில பிஞ்சு இருக்கும்ல, காபிக் குடும்பமும் அது மாதிரி.

பூ எங்க வருதுன்னும் பாருங்க. காபிக்கு இலை இடுக்குல கொத்தா வரும். இட்லிப்பூவுக்கும் பாவட்டைக்கும் கிளை நுனியில குடை மாதிரி வரும். கடம்புக்கு நூத்துக்கணக்கான சின்னப் பூ சேர்ந்து பந்து மாதிரி வரும். வெள்ளிலைன்னு ஒரு செடி இருக்கு. அதுல சின்ன மஞ்சள் பூ, பக்கத்துல வெள்ளையா ஒரு இலை தொங்கும். அது இலை இல்லை, பூவோட புல்லிகள்ல ஒண்ணு மட்டும் அப்படிப் பெருசா வளர்ந்திருக்கு. தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சுடலாம்.

காயின் தலையில் முத்திரை

சூலகம் பூவுக்குக் கீழே இருந்ததால, காய் ஆனதும் காயோட தலையில பூ இருந்த இடம் வட்டமா தழும்பா நிக்கும். காபிப்பழத்தைப் பாருங்க, நுனியில தொப்புள் மாதிரி ஒரு வட்டம். மருக்காரையில அது கிரீடம் மாதிரியே நீட்டிக்கிட்டு இருக்கும்.

கொய்யாவுக்கும் தலையில கிரீடம் இருக்கே, இலையும் எதிரெதிர்தானேன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. அதனாலதான் ஒரு அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாதுங்கிறேன். கொய்யாப் பூவுல மகரந்தத் தாள் எண்ண முடியாத அளவு பிரஷ் மாதிரி இருக்கும். இலைக்காம்புக்கு நடுவுல செதில் கிடையாது. கொய்யா நாவல் குடும்பம். மூணு சாட்சியும் ஒரே பக்கம் பேசினாத்தான் தீர்ப்பு.

காயை அறுத்துப் பார்த்தா இன்னும் தெளிவாகும். காபிப்பழத்துல ரெண்டு விதை, தட்டையான முகம் ஒண்ணோட ஒண்ணு பார்த்துக்கிட்டு இருக்கும். எப்பவாவது ஒரே விதை உருண்டையா இருக்கும், அதைத்தான் பீபெரின்னு தனியா பிரிக்கிறாங்க. இட்லிப்பூச் செடியில பூ உதிர்ந்து சின்னச் சிவப்புப் பழம் வரும், அதுக்குள்ளேயும் பெரும்பாலும் ரெண்டு விதைதான். நத்தைச்சூரி விதையை உள்ளங்கையில வச்சு உத்துப் பாருங்க. குட்டிக் காபிக்கொட்டை மாதிரி ஒரு பக்கம் வரிப்பள்ளம் இருக்கும். குடும்ப ஜாடை எங்க போகும்!

அதே குடும்பம், ஆனால் வேறு ஆள்

இங்கதான் சகோதரிகளே, நான் தப்பு செய்த இடம் வருது. இலையும் செதிலும் குடும்பத்தை மட்டும்தான் சொல்லும். அந்தக் குடும்பத்துல எந்த ஆள்னு சொல்லாது. நுணாவுக்கும் நோனிக்கும் இந்த எல்லா அடையாளமும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் எதிர் இலை, ரெண்டுக்கும் நடுவுல செதில், ரெண்டுக்கும் வெள்ளைப் பூ, ரெண்டுலயும் பல பூவோட சூலகம் ஒண்ணா ஒட்டி ஒரே காயா வரும். காய் மேல கண் கண்ணா தெரியுறது ஒவ்வொரு பூவும் இருந்த தடம். அப்போ எப்படிப் பிரிக்கிறது?

நோனி இலை பெரிசு. ஒரு சாண் நீளம், அதுக்கு மேலேயும் வரும், மெழுகு தடவின மாதிரி மினுங்கும். நுணா இலை அதைவிடச் சின்னது. சில மரத்துல தடவினா மெத்துன்னு மயிர் தட்டும். என் மாமியார் தடவிப் பார்த்தது அதைத்தான். ஆனா நுணாவுலயும் வழவழப்பா இலை உள்ள மரம் உண்டு. அதனால கன்றுல இலையை வச்சு மட்டும் சத்தியம் பண்ண முடியாது.

பட்டையைப் பாருங்க. வளர்ந்த நுணா மரத்துல பட்டை தடிச்சு, தக்கை மாதிரி ஆழமா வெடிச்சிருக்கும். அறுத்தா உள்ளே மஞ்சள். நுகத்தடிக்கு அந்த மரம்தானே வெட்டுவாங்க.

எல்லாத்துக்கும் மேல காய். நுணாக்காய் கோலிக்குண்டு, நெல்லிக்காய் அளவு. நாமெல்லாம் சின்ன வயசுல ஈர்க்குச்சி குத்தித் தேர் செஞ்சு விளையாடினது அதுலதான். பழுத்தா கறுப்பு. நோனிக்காய் கோழி முட்டை அளவும் அதுக்கு மேலயும் வரும். பழுத்தா வெளுத்த மஞ்சள், அப்புறம் கிட்டத்தட்ட வெள்ளை. கிட்டப் போனா புளிச்ச நாத்தம் அடிக்கும். இதுல யாரும் ஏமாத்த முடியாது. நான் அன்னைக்குத் தாய் மரத்தைக் காட்டுங்க, ஒரு பழத்தைக் காட்டுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். 7,200 ரூபாயும் மிச்சம், ரெண்டு ஆடும் மிச்சம். நுணா கெட்ட மரம்னு நான் சொல்லலை. நோனி விலைக்கு நுணா வாங்கினதுதான் கேடு.

காரை, மருக்காரை விஷயம் இதைவிட முக்கியம். ரெண்டும் இந்தக் குடும்பம், ரெண்டுக்கும் முள், பேரும் ஒண்ணு போல. காரைப்பழம் சின்னது, மஞ்சளா பழுக்கும், உள்ளே ரெண்டு கொட்டை. ஆடு மேய்க்கிற பிள்ளைங்க பறிச்சுத் தின்பாங்க. மருக்காரைக் காய் எலுமிச்சை அளவு, தோல் கெட்டி, தலையில கிரீடம், உள்ளே சதைக்குள்ள நிறைய விதை. அதைத் தின்னா வாந்திதான். மருத்துவத்துலயே வாந்தி எடுக்க வைக்கத்தான் அதைப் பயன்படுத்துவாங்க. குளத்துல மீன் மயங்கவும் அதை இடிச்சுப் போடுவாங்க. "காரைப்பழம் தின்னலாம்"னு பாதி மட்டும் சொல்லிக் கொடுத்தா பிள்ளைக்கு ஆபத்து. காயோட அளவு, கிரீடம், விதை எத்தனைங்கிறதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க.

கடம்பும் அப்படித்தான். வெண்கடம்பு, மஞ்சக்கடம்பு, நீர்க்கடம்பு மூணும் இந்தக் குடும்பம், மூணுக்கும் பந்து பந்தா பூ. ஆனா மூணும் வேற வேற மரம். மஞ்சக்கடம்பு இலை அரச இலை மாதிரி இதய வடிவமா இருக்கும். வெண்கடம்பு இலை நீண்டு பெரிசா இருக்கும், பூப்பந்தும் பெரிசு. நாற்றங்கால் வச்சிருக்கிற குழு "கடம்புக் கன்று"ன்னு மட்டும் சீட்டு எழுதினா, வாங்குறவர் ஒண்ணை நினைப்பாரு, நீங்க ஒண்ணைக் கொடுப்பீங்க. எங்களை ஒருத்தர் ஏமாத்தின மாதிரி நாமளும் தெரியாம ஒருத்தரை ஏமாத்திடக் கூடாது.

மலையில இருக்கிற குழுக்களுக்கு ஒரு வார்த்தை. காபிக் கன்றுலயும் அராபிகாவா ரொபஸ்டாவான்னு பார்த்து வாங்குங்க. அராபிகா இலை கொஞ்சம் சின்னது, அடர் பச்சை. ரொபஸ்டா இலை அகலமா, பெரிசா, மேடு பள்ளமா அலை அலையா இருக்கும். காய்ச்ச செடியில ரொபஸ்டாவுக்கு ஒரு கணுவுல நெருக்கமா நிறையக் காய், ஆனா காய் சின்னது. தாண்டிக்குடியிலேயே காபி வாரியத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு, சந்தேகம்னா அங்க போய்க் கேளுங்க.

குழுவில் செய்ய வேண்டியவை

இப்போ எங்க குழுத் தீர்மான நோட்டுல எழுதி வச்சிருக்கிறதை அப்படியே படிக்கிறேன். உங்களுக்கும் உதவும்.

1. தாய் மரத்தை, அதன் காயைக் கண்ணால் பார்க்காமல் புதுச் செடி எதற்கும் குழுப் பணம் போடக் கூடாது. பார்க்கப் போவது ஒருவர் அல்ல, மூன்று பேர். அதில் ஒருவர் வயதான, காடு மேடு தெரிந்த உறுப்பினராக இருக்க வேண்டும்.

2. ரசீதில் ஊர்ப் பெயரோடு தாவரவியல் பெயரையும் எழுதி வாங்க வேண்டும். நோனி என்றால் மொரிண்டா சிட்ரிஃபோலியா. நுணா என்றால் மொரிண்டா கோரியா என்றோ, மொரிண்டா பூபெசென்ஸ் என்றோ எழுதுவார்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

3. முதலில் பத்துக் கன்று மட்டும். காய் பார்த்த பிறகுதான் மீதி.

4. சந்தேகமான செடியில் இலை, பூ, காய் மூன்றும் உள்ள ஒரு முழக் கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே பாரம் ஏற்றி, தாளைத் தினமும் மாற்றி உலர்த்த வேண்டும். எந்த ஊர், எந்தத் தேதி, மரம் எவ்வளவு உயரம், பூ என்ன நிறம் என்று சீட்டு எழுத வேண்டும். காய்ந்த பின் பூவின் நிறம் போய்விடும். அருகில் உள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டலாம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது.

5. மூலிகை என்று யார் கேட்டாலும், அடையாளம் உறுதியாகாமல் சேகரித்துக் கொடுக்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் வேர் தோண்டக் கூடாது. எல்லா நோய்க்கும் ஒரே பழம் மருந்து என்று சொல்கிறவரை நம்பக் கூடாது.

இது அஞ்சும்தான். அந்த உள்கடனை ஒரு வழியா 2012-ல கட்டி முடிச்சோம். ஆடு வித்த தங்கச்சிதான் இன்னைக்கு எங்க நாற்றங்காலைப் பார்த்துக்கிறா. புதுசா விதையோ கன்றோ வந்தா, முதல்ல என் மாமியார்கிட்ட கொண்டு போய்க் காட்டிட்டுத்தான் உள்ளே விடுவா. அத்தைக்கு இப்போ கண்ணு சரியா தெரியலை. இலையைத் தடவி, கிள்ளி, மோந்து பார்த்துச் சொல்லுவாங்க. தெரியலைன்னா "தெரியலை, காய் வரட்டும்"பாங்க. அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு அன்னைக்கு வாய் வரலை.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் உங்க ஊர்ல இருந்து மூணு கிளை கொண்டு வாங்க. எதிர் இலை, நடுவுல செதில், பால் இல்லாத கிளையா பார்த்து எடுங்க. பூவோ காயோ கட்டாயம் இருக்கணும். உங்க வீட்டுப் பெரியவங்க அதுக்கு என்ன பேர் சொல்றாங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டு வாங்க. இந்த மேசை மேல எல்லாத்தையும் வச்சு, எது எதுக்கு என்ன பேர்னு சேர்ந்து பார்ப்போம். இப்போ அந்த மருக்காரைக் காயைக் கை மாத்தி அனுப்புங்க, யாரும் வாயில வச்சுடாதீங்க.